பெட்டியில் ஐந்து, தாளில் ஆறு

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 10ஆம் திகதி, சனிக்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். காற்று இல்லை. கிழக்கே கடல் முடிகிற இடத்தில் கையகலத்துக்கு ஒரு மேகம். மற்றப்படி வானம் துப்புரவாக இருந்தது. பத்து மணிக்குப் பிறகு கச்சான் காற்று எழும்பும் என்று வானொலியில் சொன்னார்கள். என்னை அன்புவழிபுரத்திலிருந்து ஏற்றிவந்த ஓட்டோக்காரரும் அதையே சொன்னார். இரண்டு பேர் சொன்னதால் எழுதிக்கொண்டேன்.

இவற்றை இவ்வளவு திட்டமாகச் சொல்வதற்குக் காரணம், அன்றைக்கு நடந்தவற்றில் எனக்குச் சந்தேகமில்லாதவை இவை மட்டுந்தான். மிச்சத்தை ஒரு வருடத்துக்கு மேலாக யோசித்துப் பார்த்துவிட்டேன். யோசிக்க யோசிக்கக் கூடிக்கொண்டுதான் போகிறது.

நான் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் சரக்கு எண்ணுகிற கிளாக்காக இருந்தவன். கப்பலிலிருந்து மூட்டை இறங்கும். நாலு கோடு நிமிர்த்திக் கீறி, ஐந்தாவதைக் குறுக்கே போட்டுக் கட்டுவேன். ஓய்வு பெற்றுப் பதினாலு வருடமாகியும் கை நிற்கவில்லை. கோயிலுக்குப் போனால் தூண்களை எண்ணுவேன். ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் இருப்பவர்களை எண்ணுவேன். இது தெரிந்துதான் என் மருமகன், தங்கையின் மகன், ஒருநாள் வீட்டுக்கு வந்தான். அவன் உப்புவெளிப் பக்கம் கடற்கரையிலுள்ள ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறவன்.

"மாமா, உங்களுக்கெண்டே ஒரு வேலை வந்திருக்கு. வள்ளத்தில போய் மீன் எண்ணோணும்."

"எண்ணி?"

"எண்ணி எழுதோணும். வேற ஒண்டுமில்ல. அஞ்சாயிரம் ரூபாயும் ஒரு தொப்பியும் தருவினம்."

குசினிக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. "இவ்வளவு நாளும் சும்மா எண்ணினவர். இப்ப அதுக்குக் காசும் குடுக்கினமோ."

ஹோட்டல்காரர்கள் ஒரு தூண்டில் போட்டி வைத்தார்கள். பதினாலு படகுகள். ஒவ்வொரு படகிலும் தூண்டில் போடுகிற இரண்டு பேர், படகோட்டி ஒருவர், கண்காணிப்பாளர் ஒருவர். நான் கண்காணிப்பாளர். வெல்கிறவர்களுக்கு வெள்ளிக் கோப்பை. அவர்களை ஏற்றிப்போன படகோட்டிக்கு ஒரு புது எஞ்சின், இருபத்தைந்து குதிரைவலு. அதை ஹோட்டல் வாசலில் ஒரு மேசையில் நிறுத்தி, சிவப்பு நாடா கட்டி வைத்திருந்தார்கள்.

விதிகள் நாலு பக்கம், முப்பத்தொரு பிரிவு. வெள்ளிக்கிழமை மூன்று தரம் வாசித்தேன். போட்டி பாரை மீனுக்கு; ஆக நீளமானதைப் பிடித்தவர்களுக்கே வெற்றி. பாரை பிடித்தால் நீளம் அளந்து, படம் எடுத்து, உயிரோடு கடலில் விடவேண்டும். பாரையல்லாத மீன் தூண்டிலில் வந்தால், ஒரு படகு ஆறு மீன் வரைக்கும் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வந்தால் விட்டுவிட வேண்டும். வைத்த மீனை விற்கக்கூடாது. கரைக்கு வந்ததும் எல்லாவற்றையும் மேசையில் காட்டவேண்டும். பதினாலாவது பிரிவு: கண்காணிப்பாளரின் தாளும் படகின் மீன் பெட்டியும் ஒத்துவராவிட்டால் அந்தப் படகு போட்டியிலிருந்து நீக்கப்படும்.

மூன்று தரம் வாசித்தும் விளங்காத ஒன்று இருந்தது. மருமகனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"வேணுமெண்டு பிடிக்கிற மீனை விடுறது. வேண்டாமெண்டாலும் வாற மீனை வைக்கிறது. சரியோ?"

"ஓம் மாமா."

"ஏன்?"

"பாரை விளையாட்டு. மற்றது சாப்பாடு."

"அதென்ன ஆறு?"

"ஏழு வச்சா வியாபாரமெண்டு நினைச்சிருப்பினம். மாமா, எனக்கு இஞ்ச வேலை கிடக்கு."

எங்கள் படகோட்டி சாம்பல்தீவுக்கு இந்தப் பக்கம், சல்லி என்ற ஊரைச் சேர்ந்தவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள், சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வார். எஞ்சின் மூடியில் 15 என்று எழுதியிருந்தது. அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்பினார். ஏழாவது இழுவையில் கிளம்பியது. அதையும் எழுதினேன்.

"ஐயா என்னத்தை எண்ணுறியள்?"

"இழுவை. ஏழு."

"நேற்றுப் பதினொண்டு. இண்டைக்கு ஆக்கள் இருக்கினமெண்டு வெக்கப்படுது."

தூண்டில்காரர் இருவரும் கொழும்பிலிருந்து வந்தவர்கள். ஒருவர் தாடிக்காரர். மற்றவர் பருத்தவர், புறப்பட்டு இருபது நிமிடத்தில் வாந்தி எடுக்கத் தொடங்கினார். அன்று மொத்தம் ஐந்து தரம். இருவரும் எனக்குக் கேக் தந்தார்கள், "அங்கிள்" என்றார்கள். எனக்கு அவர்களோடு மனக்குறை ஒன்றுமில்லை.

வெளியே கடலடியில் கிடக்கும் ஒரு கற்பாருக்கு மேலே போய் நின்றோம். கண்ணும் செதிலும் எழுதிய பொய்மீன்களைத் தூர எறிந்து இழுத்தார்கள். இந்தப் பாருக்கு வந்தே இரண்டு மாதமாகிறது என்று படகோட்டி சொன்னார்.

"இந்த எஞ்சினோட தனிய வர ஏலாது, ஐயா. கச்சான் எழும்பேக்க இது நிண்டா, காத்து எங்களை வெளிக்கடலுக்குக் கொண்டு போயிடும். அதால கரையோட சின்னச் சூடை மீனுக்குத்தான் போறன். பாருக்கு வந்தாத்தான் சீவியம். சூடையில அரைவாசிதான்."

"அந்த நாடா கட்டின எஞ்சின் கிடைச்சா?"

அவர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "முந்தநாள் போய் ஒருக்காத் தொட்டுப் பாத்தனான். காவலாளி கலைச்சுப்போட்டான்."

6.52க்கு முதல் மீன், சீலா. தாடிக்காரர் முகத்தைச் சுளித்தார். படகோட்டி தூண்டில் கொளுக்கியைக் கழற்றி, மீனை ஐஸ் பெட்டிக்குள் போட்டார். நான் தாளில் எழுதினேன்: 6.52, சீலா, ஒன்று, வைத்தது. பேனையால்தான் எழுதினேன். துறைமுகத்தில் பென்சில் எங்களுக்கு அனுமதியில்லை. இறங்கிய உடனே எழுதாத மூட்டை இறங்காத மூட்டை என்பதுதான் எங்கள் தொழில்.

மடியில் என்னிடம் இரண்டு இருந்தன: போட்டித் தாள், என் சொந்தக் குறிப்புப் புத்தகம். தாளில் மீன்கள். புத்தகத்தில் மற்றதெல்லாம்: காற்று, இழுவை, பருத்தவரின் வாந்தி, தலைக்கு மேலே போன பறவைகள். பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்திருக்கும். அன்றைக்கு அதை நான் யோசிக்கவில்லை.

9.14க்குப் பெரிய பாரை வந்தது. தாடிக்காரர் இருபத்திரண்டு நிமிடம் போராடினார். ஈரப் பாயில் கிடத்தி அளந்தோம்: நூற்றுப் பதினெட்டு சென்றிமீற்றர். அதற்குப் பிறகு படகோட்டி அதை வாலில் பிடித்து, தண்ணீருக்குள் தலையை வைத்து, மூச்சு வரும்வரை தாங்கிக்கொண்டிருந்தார். நாற்பத்தொரு விநாடி. மீன் உதறிக்கொண்டு போனது. அவர் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இருபத்தஞ்சு கிலோ வரும்," என்றார். "என்ர அப்பு இருந்து கண்டிருந்தா என்னையும் அதோட சேத்து விட்டிருப்பார்."

பத்து முப்பத்தைந்துக்குள் பாரையல்லாத மீன் ஆறாகிவிட்டது: சீலா இரண்டு, விளைமீன் இரண்டு, கலவாய் ஒன்று, அறுக்குளா ஒன்று. பிறகு ஏழாவதாக ஒரு கட்டா வந்தது. விதிப்படி விடவேண்டும். ஆனால் கொளுக்கி செவுளுக்குள் போயிருந்தது. விட்டோம், புரண்டு மிதந்தது. ஒரு செம்பருந்து வந்து தூக்கிக்கொண்டு போனது. தாளில் "வைத்தது", "விட்டது" என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. "விட்டது" என்று எழுதி, பக்கத்தில் சிறிதாக "இறந்து" என்று எழுதினேன். சரியா என்று படகோட்டியைக் கேட்டேன்.

"பருந்துக்கு எழுதுங்கோ, ஐயா," என்றார்.

அதற்குப் பிறகு நான் ஐஸ் பெட்டி மூடியின்மேலேயே ஏறி இருந்துவிட்டேன். இருக்க வேறு இடமும் இல்லை.

10.50க்குக் கச்சான் எழும்பியது. திரும்பினோம். கரைக்குக் கால் மைல் இருக்கும்போது எஞ்சின் நின்றது. எஞ்சின் திருத்துகிற ஆயுதங்கள் வைத்த தகரப் பெட்டி ஐஸ் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. "ஐயா, கொஞ்சம் முன்னுக்குப் போய் இருங்கோ," என்றார் படகோட்டி. போனேன். காற்றுக்கு எதிராக முகத்தைப் பொத்திக்கொண்டு ஆறு நிமிடம் இருந்தேன். அவர் பிளக் மாற்றினார், பதின்மூன்று தரம் இழுத்தார், கிளம்பியது. கரையில் இறங்கும்போது என் பையைக் கேட்டு வாங்கினார்.

"பையை நான் கொண்டுவாறன். நீங்கள் ரெண்டு கையாலும் பிடிச்சு இறங்குங்கோ. விழுந்தீங்களெண்டா அதையும் எழுதவேண்டி வரும்."

பையில் ஐந்து பொருட்கள்: குடை, பிளாஸ்க், துவாய், மருந்துக் குளிசைகள், பிஸ்கட் பெட்டி. அவர் அதைக் கொண்டுபோய், எனக்காக நின்ற ஓட்டோவின் பின்சீற்றில் வைத்தார். நான் தாளோடு மேசைக்குப் போனேன்.

மேசையில் மருமகன் மீன்களை வெளியே எடுத்து வைத்தான். "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு." கையை ஐசுக்குள் விட்டுக் கலக்கினான். "மாமா, அஞ்சுதான்."

"ஆறு."

"நீங்களே பாருங்கோ."

பார்த்தேன். நானும் கையை விட்டுக் கலக்கினேன். விளைமீன் ஒன்றுதான் இருந்தது. 9.58க்கு வந்த மற்ற விளைமீன் இல்லை.

மருமகன் குரலைத் தணித்தான். "மாமா, ஆறை அஞ்சாக்கிவிடுங்கோ. மற்றப் பதின்மூண்டு பேரும் இஞ்ச வந்து, பெட்டியைப் பாத்துத்தான் எழுதினவை. கடலில ஒருத்தரும் எழுதேல்ல."

"ஏலாது."

"ஏன்?"

"ஆறு மீன் வந்தது."

தலைமை நடுவர் கொழும்புக்காரர், மெதுவாகப் பேசுகிற மனிதர். படகோட்டியைக் கூப்பிட்டுக் கேட்டார், மருமகன் மொழிபெயர்த்தான். படகோட்டி திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் என்ன பதில் சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

"ஒண்டு துள்ளி விழுந்திருக்கும், சேர்," என்றார் கடைசியில்.

நடுவர் தலையாட்டினார். பேனையை எடுத்து, கடலில் விழுந்தது என்று எழுதத் தொடங்கினார். பெரிய பாரை எங்களுடையது. மற்றப் பதின்மூன்று படகுகளிலும் நூற்றுப் பத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. அவர் அந்த வரியை எழுதி முடித்திருந்தால் எஞ்சின் சல்லிக்குப் போயிருக்கும். என்னிடம் எவரும் ஒன்றும் கேட்கவில்லை.

"விழேல்ல," என்றேன். "பெட்டி மூடிக்கு மேல நான் இருந்தனான்."

நடுவருக்கு விளங்கவேண்டும் என்பதற்காக அதை ஆங்கிலத்திலும் சொன்னேன்.

அவர் பேனையை மூடினார். பின்னால் நின்ற யாரோ, "அப்ப வழியில ஆருக்கோ வித்துப்போட்டான்," என்றார்கள். பதினாலாவது பிரிவை நடுவர் வாசித்தார். தாடிக்காரர் தொப்பியைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் நிலாவெளிப் படகுக்காரர் ஒருவருக்குப் போனது. நாடாவை அவர் பல்லால் கடித்து அறுத்தார்.

நான் ஓட்டோவில் ஏறும்போது எங்கள் படகோட்டி கிட்ட வந்தார். "ஐயா, வீட்ட போன உடன பையைத் திறந்து பாருங்கோ. ஐஸ்தண்ணி பட்டிருக்கும். குளிசை நனைஞ்சிடும்."

எஞ்சின் போன நேரத்திலும் என் குளிசையை நினைக்கிறாரே, எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன். மீனை விற்றவர் இவர்தான், அதனால்தான் குழைகிறார் என்றும் நினைத்தேன். இரண்டையும் உப்புவெளியிலிருந்து வீடு வரைக்கும் மாறி மாறி நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் பையைத் திறந்தது மனைவி.

"மீன் வாங்குறதெண்டா ஒரு சொல்லுச் சொல்லக்கூடாதோ? நான் கத்தரிக்காய் வெட்டிப்போட்டன்."

"நான் வாங்கேல்ல."

"அப்ப, தானா நடந்து வந்ததோ?"

இரண்டு சொப்பிங் பைக்குள் இறுக்கிக் கட்டிய விளைமீன். இடப்பக்க உதடு கொளுக்கியில் கிழிந்திருந்தது. 9.58. நான் முன்னுக்குப் போயிருந்த அந்த ஆறு நிமிடத்தில் எடுத்திருக்கிறார். குளிசைகள் உண்மையிலேயே நனைந்திருந்தன.

நான் சாய்வு கதிரையில் இருந்துவிட்டேன். தாள் சரி, ஆறு. பெட்டியும் சரி, ஐந்து. மீன் விழவில்லை என்று நான் சொன்னதும் சரி. எல்லாம் சரியாக இருந்தும் ஒரு மனிதனுக்கு எஞ்சின் இல்லாமல் போய்விட்டது. இதில் பிழை எந்த இடத்தில் என்று தேடினேன். கிடைக்கவில்லை. மீனைத் தொடவேண்டாம், அது சாட்சி என்று மனைவிக்குச் சொல்லிவிட்டு மருமகனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மீன் என்னட்டை இருக்கு."

"எந்த மீன்?"

"ஆறாவது. வள்ளக்காரர் என்ர பைக்குள்ள வச்சிருக்கிறார்."

மறுபக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "மாமா, கடவுளாணை, இதை வெளியில கதைக்காதையுங்கோ. கண்காணிப்பாளருக்கு வள்ளக்காரன் மீன் குடுத்தான் எண்டா லஞ்சமெண்டுதான் சொல்லுவினம். அந்த மனுசனை இனி ஒரு நாளும் கூப்பிடமாட்டினம். உங்களைக் கொண்டுவந்தவன் நான்."

"லஞ்சமெண்டா எனக்குத் தெரியவெல்லோ வேணும்."

"அதை நீங்கள் சொன்னா ஆர் நம்புறது?"

திரும்பி வந்தபோது மனைவி செதில் உரித்து, வெட்டியும் முடித்திருந்தார். ஏழு துண்டு.

"சாட்சியை வெட்டிப்போட்டீர்."

"நாறின சாட்சி ஆருக்கு வேணும்?"

அன்று மத்தியானம் இரண்டு துண்டு சாப்பிட்டேன். தொண்டையில் இறங்காது என்றுதான் நினைத்தேன். ருசியாக இருந்தது. அதுவும் எனக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சல்லிக்குப் போனேன். படகோட்டி படகருகில் எஞ்சினைக் கழற்றி ஒரு சாக்கின்மேல் பரப்பி வைத்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, கையைத் துடைத்து, படகு விளிம்பில் எனக்கு இடம் காட்டினார்.

"குளிசை நனைஞ்சதோ?"

"நனைஞ்சது. தம்பி, ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?"

"என்னத்தை?"

"மீனை ஏன் பைக்குள்ள வச்சனீங்கள்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், கேள்வி கேட்டவனுக்கு ஏதாவது சுகவீனமோ என்ற கவலை இருந்தது. "வள்ளத்தில வந்த ஆளை வெறுங்கையோட விடுறதோ, ஐயா? அது கறிமீன். வள்ளம் தள்ளுறவனுக்கும் குடுக்கிறனாங்கள், இழுக்கிறவனுக்கும் குடுக்கிறனாங்கள். கறிமீன் கணக்கில வாறதில்ல."

"நான் ஆறெண்டு எழுதிப்போட்டன்."

"அது எனக்கெப்படித் தெரியும்? எல்லாரும் கரையில வந்து, பெட்டியைப் பாத்துத்தான் எழுதுறவை. நீங்கள் கடலில எழுதினதெல்லாம் காத்தும், பறவையும், அந்த மொத்தப் பெடியன் சத்தி எடுத்ததும் எண்டுதான் நினைச்சன். மீனையும் எழுதுவீங்களெண்டு நான் கண்டனானோ?"

"கையில தந்திருக்கலாமே."

"ஆக்களுக்கு முன்னால கையில குடுத்தா கூலி மாதிரியெல்லோ இருக்கும். பையில வைக்கிறதுதான் மரியாதை."

"மேசையில கேட்கேக்க சொல்லியிருக்கலாமே. ஐயாவின்ர பையில இருக்கெண்டு."

இதற்கு அவர் சிரிக்கவில்லை. ஒரு பிளக்கை எடுத்து வேட்டித் துணியால் துடைத்தார். "குடுத்துப்போட்டு, குடுத்தனானெண்டு நாலு பேருக்கு முன்னால சொல்லுறதோ? அதுவும் உங்களை வச்சுக்கொண்டு. நீங்கள் படிச்ச ஆள். மேசையில நிக்கிறீங்கள்."

அதாவது என்னை வெட்கப்படுத்தாமல் விட்டிருக்கிறார். நானோ இரண்டு மொழியில் அவரை முடித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். எதற்கு என்று தெரியவில்லை. எண்ணியதற்கா? எண்ணாமல் விட்டிருந்தால் அந்த மீன் என் பைக்குள் சுகமாக வந்திருக்கும். அவருக்கு எஞ்சினும் வந்திருக்கும். விதியை மீறிய ஆளாக நானும் இருந்திருப்பேன், தெரியாமலே. அது வைத்த மீனா, விட்ட மீனா? தாளில் அதற்குக் கட்டம் இல்லை. பருந்து கொண்டுபோன மீனுக்கும் இல்லை.

"நடுவருக்கு ஒரு கடிதம் எழுதட்டோ?" என்று கேட்டேன்.

"எழுதினா எஞ்சின் வருமோ?"

"வராது."

"எழுதாட்டி?"

"வராது."

"அப்ப ஏன் தாளைச் செலவழிக்கிறியள்?" என்றவர், சற்றுப் பொறுத்து, வேறு குரலில் சொன்னார்: "ஒண்டை மட்டும் எழுதுங்கோ. வித்துப்போட்டன் எண்டு அங்க ஒருத்தன் சொன்னவன். நான் விக்கேல்ல. அந்தக் கதை இஞ்ச ஊருக்குள்ளயும் வந்திட்டுது."

அன்று மாலையே எழுதினேன், ஒரு பக்கம், ஆங்கிலத்தில். ஆறு மீன் வந்தது, ஆறாவது என் பையில் இருந்தது, எனக்குத் தெரியாது, அது இங்கத்தைய வழக்கம், படகோட்டி ஒன்றையும் விற்கவில்லை. மருமகனுக்குச் சொல்லாமல் தபாலில் போட்டேன். தெரியவந்ததும் அவன் மூன்று கிழமை வீட்டுப் பக்கம் வரவில்லை.

பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. முடிவில் மாற்றமில்லை. படகோட்டி விற்கவில்லை என்பதை ஏற்றுக்கொள்கிறோம். கண்காணிப்பாளர் மீன் பெற்றுக்கொள்வது விதிக்கு முரண் என்பதால், தந்த ஐயாயிரத்தைத் திருப்பித் தரவும். தொப்பியைப் பற்றி ஒன்றும் இல்லை. அந்தக் கடிதத்தைச் சல்லிக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். இரண்டாவது வசனத்தை அவர் மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு மடித்து வாங்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எஞ்சின் அப்போதும் சாக்கின்மேல் கிடந்தது. காபரேட்டர் முடிந்துவிட்டது என்றார். காசு தருகிறேன் என்று நான் தொடங்கியதும் எழும்பி வலைப் பக்கம் போய்விட்டார்.

ஆகவே அவருடைய முறைப்படியே செய்தேன். என் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தேன்: எஞ்சின் 15. நகரத்தில் கடைக்குப் போய், அதற்குரிய காபரேட்டர் ஒன்று வாங்கினேன். அடுத்த நாள் மத்தியானம், கரையில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, இரண்டு சொப்பிங் பைக்குள் கட்டி, அவருடைய படகின் முன்பலகைக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன். இதயம் அடித்ததை ஓட்டோவில் இருந்து எண்ணினேன். நூற்றுப் பதினாறு.

பின்னேரம் தொலைபேசி வந்தது.

"ஐயா, என்ர வள்ளத்துக்குள்ள ஒரு பார்சல் கிடக்கு. ஆர் வச்சதெண்டு தெரியேல்ல."

"எனக்கும் தெரியாது."

"ஓம். தெரியாதுதான். ஆனா வச்ச ஆள் மூடியைப் பாத்து வாங்கியிருக்கிறார். மூடி என்ர மச்சான்ர எஞ்சினிட மூடி. என்ரது உடைஞ்சு போச்சு எண்டு போட்டனான். உள்ளுக்க இருக்கிறது பதினைஞ்சு இல்ல, ஒன்பது தசம் ஒன்பது."

நான் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன்: 15. என் கண்ணால் பார்த்து, அந்த இடத்திலேயே, பேனையால் எழுதியது அது.

"அந்த ஆளைக் கண்டா சொல்லுங்கோ," என்றார். "பார்சல் அதே இடத்தில கிடக்கு. நான் தொடேல்ல."

பார்சலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் பத்து வீதம் கழித்துக்கொண்டு அதைத் திருப்பி எடுத்தார். சரியான காபரேட்டர் அதைவிட விலை கூட. சின்ன எஞ்சினுக்கு ஏன் விலை கூட என்று கேட்டேன். "குறைவா வாறது, அதான்," என்றார். அதையும் கட்டிக்கொண்டுபோய் அதே பலகைக்குக் கீழே வைத்தேன். இரண்டு நாளில் ஒரு தொலைபேசி. "ஐயா, ரெண்டு இழுவை," என்றார், வைத்துவிட்டார். அடுத்த கிழமை பாருக்குப் போய்வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

இந்த வருடப் போட்டிக்கு அவரை மறுபடி அழைத்தார்கள். மூன்றாவதாக வந்தார், எஞ்சின் கிடைக்கவில்லை. என்னை அழைக்கவில்லை. இடைக்கிடை, காலையில் கேற்றைத் திறந்தால், கொழுவியில் ஒரு சொப்பிங் பை தொங்கும். உள்ளே விளைமீனோ சீலாவோ. இதுவரை எத்தனை என்று மனைவி கேட்டார். பதினேழு என்று எனக்குத் தெரியும். எண்ணவில்லை என்று சொன்னேன்.

அந்தப் போட்டியால் எனக்கு வந்த செலவைக் கணக்குப் போட்டபோது, அந்த மீன்களின் விலையைக் கழிப்பதா என்று பல நாள் யோசித்தேன். கறிமீன் கணக்கில் வராது என்று அவர் சொன்னதால் கழிக்கவில்லை. திருப்பிக் கொடுத்த ஐயாயிரம் கைக்கு வந்து போனதால் அதைச் சேர்க்கவும் இல்லை. சரியான காபரேட்டர் நாற்பத்தோராயிரத்து இருநூறு, பிழையான காபரேட்டருக்குக் கழித்தது மூவாயிரத்து எண்ணூற்றைம்பது, ஓட்டோக்கள் ஆறாயிரம், முத்திரை ஐம்பது, நனைந்த குளிசைகள் அறுநூற்று நாற்பது, மீன் மணத்ததால் ஒருவரும் தொடாத பிஸ்கட் நூற்றைம்பது. எல்லாம் சேர்த்து ஐம்பத்தோராயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு ரூபாய்.